ஞாயிறு மதியத்துக்கு ஒரு அறை

ஞாயிறு மதியம் ஒரு மனுஷன் தூங்க என்ன வேண்டும்? நாலு சுவர், ஒரு கதவு. அவ்வளவுதான். எனக்கு அதுவும் கிடையாது. படுக்கையறைக் கட்டிலில் என் மனைவி தைத்த துணிகள் மல்லாந்து படுத்திருக்கும். நான் ஹால் சோபாவில். மூன்றடி தள்ளி அவளுடைய தையல் மெஷின். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைக்கிறாள். மெஷின் ஓடினால் சோபா அதிரும், சோபா அதிர்ந்தால் என் பல் ஆடும். வாரம் பூராவும் மாடாய் உழைக்கிறவனுக்கு ஒரு மதியம் கண்ணை மூடக் கொடுத்துவைக்கவில்லை.

மிச்சமிருந்தது பின்னறை. அதில் தட்டுமுட்டுச் சாமான் கூரையைத் தொட்டது. "அதைக் காலி பண்ணி எனக்குக் கொடேன்" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்கு?" என்றாள். "தூங்கத்தான்" என்றேன். அவள் பார்த்த பார்வையில் ஒரு வாரத் தூக்கம் ஓடிப்போனது.

நேராகக் கேட்டால் நடக்காது என்று புரிந்தது. குறுக்கு வழியை என் தொழிற்சாலையே காட்டிக் கொடுத்தது. நான் வாளி மூடி செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஊருக்கெல்லாம் வாளி மூடி செய்கிறேன். என் வாய்க்கு மூடி போடுவது மனைவியின் டிபார்ட்மென்ட். அங்கே ஒரு பயிற்சி வைத்தார்கள். லீன் என்று பெயர். எது வீணோ அதை ஒழி, வேலை தானாக ஓடும் என்பது சாராம்சம். உபயோகப்படாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி வெளியே தள்ளு. வீண் நடையைக் குறை. சும்மா இருக்காதே. மற்றவர்கள் தொழிற்சாலை மெஷினை நினைத்துக் கேட்டார்கள். நான் பின்னறையை நினைத்துக் கேட்டேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

"என்னங்க, கையில என்ன, சிவப்பு சிவப்பா?"

"சிவப்புச் சீட்டு. ஆறு மாசமாத் தொடாத சாமான் எதுவும் இனிமே இந்த வீட்டுல இருக்காது."

"ஆளுங்களுக்கும் ஒட்டலாமா?"

"ஆளுக்கெல்லாம் கிடையாது."

"பொழைச்சீங்க. வாங்க, நானும் கூட வர்றேன்."

இவ்வளவு சுலபமாக மடங்குவாள் என்று நான் நினைக்கவே இல்லை. பின்னறைக்குள் நுழைந்தோம். அவளுடைய துணி மூட்டை, பொத்தான் டப்பா, நூல்கண்டுப் பெட்டி எல்லாம் முந்தின நாள்கூட எடுத்துப் புழங்கியவை. சீட்டு ஒட்ட வழியில்லை.

"இந்த இரும்புக் கம்பியும் குண்டும் யாருது?"

"என்னுது. உடற்பயிற்சிக்கு."

"கடைசியா எப்பத் தூக்கினீங்க?"

"வாங்கின அன்னிக்கு. கடையிலேருந்து வீடு வரைக்கும்."

ஒரு சீட்டு.

"மீன் தொட்டி?"

"மீன் வாங்கணும்னு இருக்கேன்ல."

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து இருக்கீங்க."

இன்னொரு சீட்டு. கம்பியில்லாத கிட்டாருக்கு ஒன்று, ஓடாத ஃபேனுக்கு ஒன்று. அடப்பாவி, அறையை அடைத்துக்கொண்டிருந்தது பூராவும் நான்தானா! போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தூக்கத்துக்காக ஒரு கிட்டாரைத் தியாகம் செய்யலாம்.

இனி அவளுடைய மூட்டைகளைக் கிளப்ப வேண்டும். அதற்கும் பயிற்சியில் ஒரு வித்தை இருந்தது. வீட்டின் வரைபடம் ஒன்று போட்டு, அவள் நடக்கிற வழியெல்லாம் குண்டூசி குத்தி நூலை ஓட்டினேன். துணி எடுக்கப் பின்னறை. தைக்க ஹால். இஸ்திரி போட சமையலறை மேடை. மடித்து அடுக்கப் படுக்கையறை. சோபாவில் படுத்தபடியே மிகவும் சிரமப்பட்டு இதைக் கவனித்தேன். வரைபடம் குருவிக் கூடு மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நர்ஸ் தன் சீருடையை வாங்க வந்தார். சாட்சிக்கு ஆள் கிடைத்தது என்று எனக்கு ஏக சந்தோஷம்.

"பாருங்க சிஸ்டர், இவ நடக்கிற நடைக்குப் பக்கத்து ஊருக்கே போயிட்டு வந்துடலாம். அத்தனையும் வீண்!"

"அய்யய்யோ!" மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இப்ப என்னங்க பண்றது?"

"துணி, மெஷின், இஸ்திரி எல்லாம் ஒரே இடத்துக்கு வரணும். உக்காந்த இடத்துலேருந்து கையை நீட்டினா கிடைக்கணும்."

"நிஜமாவா?"

"சத்தியமா. இதுல மறுபேச்சே கிடையாது."

"அக்கா, நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நல்லாவே கேட்டுச்சு" என்றார் நர்ஸ்.

நான் சொன்னது ஹாலை. மெஷின் இருக்கிற இடத்துக்கு மூட்டை வரும், பின்னறை எனக்கு வரும். கணக்கு கச்சிதம். அந்த வாரம் பூரா, வேலை விட்டு வந்ததும் பின்னறையில் இறங்கினேன். என் சாமான்களைப் பழைய சாமான் கடைக்குச் சுமந்தேன். ஒட்டடை அடித்தேன். சுண்ணாம்பு பூசினேன். ஜன்னலைத் தேய்த்ததில் வெளிச்சம் கொட்டியது. பழக்கதோஷத்தில், தொழிற்சாலையில் மெஷினுக்கு இடம் குறிக்கிற மாதிரி தரையில் மஞ்சள் கோடுகூடப் போட்டுவிட்டேன். மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கேட்காமலே டீ வந்தது. கேட்காமல் டீ வந்தால் மனுஷன் உஷாராக வேண்டாமா? நான் இன்னொரு கப் கேட்டேன்.

ஞாயிறு காலை எனக்கென்று ஒரு புதுத் தலையணை வாங்கக் கடைக்குப் போனேன். அதைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தால் ஹாலில் மெஷின் இல்லை. பின்னறைக்கு ஓடினேன். ஜன்னலோரம் மெஷின். பக்கத்தில் மூட்டைகள், இஸ்திரி மேஜை. மேஜையின் ஒரு பக்கத்தை நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது!"

"எல்லாம் ஒரே இடம்" என்றாள் மனைவி.

"நான் ஹாலைச் சொன்னேன்மா!"

"ஹால்ல வெளிச்சம் இல்ல. கதவைத் திறந்தா மூட்டை இடிக்கும். இங்க நீங்களே கோடு போட்டு வெச்சிருக்கீங்க, அளவெடுத்த மாதிரி."

"இங்க நான் வேற ஒண்ணு நினைச்சிருந்தேன்..."

"என்ன வேலை?"

"வேலைன்னு இல்ல. ஓய்வு."

"அதாவது சும்மா இருக்கிறது. அதுக்கு உங்க பயிற்சியில என்ன பேருங்க?"

"விரயம்" என்றேன். நர்ஸ் பயபக்தியோடு தலையாட்டினார்.

ஆனாலும் நான் அவ்வளவு மட்டமாகத் தோற்கிறவன் இல்லை. துணியெல்லாம் இங்கே வந்துவிட்டால் படுக்கையறைக் கட்டில் காலிதானே! தலையணையோடு நைஸாக நழுவப் பார்த்தேன்.

"ஒரே ஒரு சந்தேகங்க" என்றாள். "தைக்கிறது இனிமே வேகமாப் போயிடும். ஆனா இஸ்திரிகிட்ட வந்து துணி மலையாத் தேங்கிடுமே. தொழிற்சாலையில இப்படித் தேங்கினா என்ன பண்ணுவாங்க?"

கேள்வி தொழில் சம்பந்தமாக வந்தால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசாது.

"இது தெரியாதா? சும்மா இருக்கிற ஆளைப் பார்த்து அந்த இடத்துல போடணும்!" என்றேன் கம்பீரமாக.

சொல்லி முடித்த பிறகுதான், அந்த அறையில் சும்மா இருந்தது யார் என்று சுற்றிப் பார்த்தேன். இரண்டு பெண்களும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முறையில் குறை சொல்ல முடியாது. அவள் வேலை இப்போது மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. மெஷின் சத்தம் இல்லை, வீடு அமைதியோ அமைதி. ஞாயிறு மதியம் நாலு சுவருக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, நான் ஆசைப்பட்ட அதே அறையில்தான் இருக்கிறேன். எனக்கு முன்னால் கழுத்தளவு சீருடை. அடுத்த அறைக் கட்டிலிலிருந்து, என் புதுத் தலையணையில் தலை வைத்தபடி, என் மனைவியின் குரல் வருகிறது:

"என்னங்க, இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் மெதுவா வைங்களேன். தூக்கம் கலையுது!"