மொட்டை மாடிக் குழாய் விஷயமாகச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இங்கே எல்லாரும் என்று சொல்ல இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன். நானும் அவ்வளவு சௌக்கியமாக இல்லை.

என் மனைவி நேற்று, சனிக்கிழமை, மாலை 4.52-க்கு நீலப் பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். மகளைப் பார்க்க வரும்போது மட்டும் பரணிலிருந்து இறங்கும் பை அது. எனவே 5.10 பஸ்ஸைப் பிடித்து எட்டே முக்காலுக்குள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பாள் என்பது என் கணக்கு. முப்பத்து மூன்று வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக உட்கார்ந்தவன் நான்; மற்றது எது தப்பினாலும் இது தப்பாது. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அவள் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடித்திருப்பாள். தாங்கள் ஒரு தீர்மானத்துக்கு வருமுன் என் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் வாளிக்குள் விழுந்துவிட்டது. எல்லா எண்களும் அதற்குள்தான் இருந்தன. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்கள் முகவரி ஒன்றுதான்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு வாசல் பக்கம், செடிகளுக்கு நீர் விடும் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி, "பிளம்பரைக் கூப்பிடுங்க" என்றாள். "ஒரு வாஷர் மாத்தறதுக்குப் பிளம்பரா? நூத்திப் பதினாலு பஸ்ஸ தினமும் நேரத்துக்கு அனுப்பினவன் நான்" என்றேன். "பஸ் தானா போச்சு. நீங்க நோட்டுல எழுதினீங்க" என்றாள். இது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர், "வாஷர் அரையா, முக்காலா?" என்று கேட்டார். "புதுசு வாங்கறப்ப எதுக்குங்க அரையும் முக்காலும்? முழுசாவே குடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முழுசாகவே கொடுத்தார். அங்குல அளவு பற்றித்தான் அவர் கேட்டார் என்பது, அந்த வாஷர் குழாய்க்குள் நுழையவே நுழையாது என்று தெரிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மறுபடி போனேன். முக்கால் வாங்கி வந்தேன். குழாய் அரை. மூன்றாவது தடவை என் தலையைத் தெருமுனையில் பார்த்ததுமே அவர் அரையை எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டார்.

வேலை தொடங்குமுன் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும், சம்பந்தி. அவ்வளவு விவரம் இல்லாதவன் இல்லை. வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு வால்வு இருக்கிறது, ஒன்றுபோலவே. கைக்கு அருகில் இருந்ததை இறுக்கி மூடிவிட்டு, ஸ்பேனரைப் போட்டுக் குழாயின் தலையைக் கழற்றினேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அடுத்த நொடி தலை என் கையை விட்டுப் பறந்துபோய்ச் செடிக்குள் விழுந்தது. தண்ணீர் என் மூக்குக்குள் நேராக வந்தது. அதே சமயம் மாடியிலிருந்து, "சார்! தண்ணி நின்னு போச்சு!" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தால், மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் தலை நிறையச் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாகப் பால்கனியில் நிற்கிறார். கீழே எனக்குத் தண்ணீர் நிற்கவில்லை, மேலே அவருக்குத் தண்ணீர் வரவில்லை. "ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு பல்லு பிடுங்கணும் சார்!" என்று அவர் கத்துகிறார். இந்தக் குழாயைப் பிடுங்கியதே போதும் என்று நான் இருக்கிறேன். கடைசியில் இரண்டு வால்வையும் மூடி, பிறகு ஒன்றைத் திறந்து, அது தப்பு என்று அதை மூடி, மற்றதைத் திறந்தேன்; ஒருவழியாக 8.47-க்கு அவர் குளித்து முடித்தார். 9.20-க்கு வாஷர் உள்ளே உட்கார்ந்தது. குழாய் சொட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கு வரை ஒரு சொட்டு இல்லை. என் மனைவியே வந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் சம்பந்தி, என் தலையில் ஏறிக்கொண்டது.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே ஒரு மூலையில், சுவரோரமாக, என் மார்பளவுக்கு ஒரு குழாய் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. எதையும் கொண்டுவரவும் இல்லை, எதையும் கொண்டுபோகவும் இல்லை. இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம், ஒருவர் கண்ணிலும் படவில்லையே, கட்டினவன் மூட மறந்துபோயிருக்கிறானே, மழையும் பல்லியும் உள்ளே விழுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய பெயின்ட் டப்பாவின் மூடி ஒன்று கிடந்தது. அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்தியது. மேலே நாலு சுற்று டேப்பும் ஒட்டினேன். கீழே வந்து யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தவன் அதைச் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் சமையலறை சிங்க் பேசத் தொடங்கியது. தண்ணீரை விட்டால் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் யோசிக்கிறது. பிறகு "களக், களக்" என்கிறது. பிறகு ஒரு பெரிய மடக்கு. மாடியில் டாக்டர் குளித்தால் எங்கள் பாத்ரூம் சாக்கடை பதில் சொல்கிறது. கூடவே ஒரு வாடை. என் மனைவி, "நேத்து என்னத்தைத் தொட்டீங்க?" என்றாள். "வாசல் குழாயத்தான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, மாடிக் குழாயைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதுவும் இதுவும் ஒன்றோடொன்று பேசும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசல் குழாய் வாசலில் இருக்கிறது, சிங்க் உள்ளே இருக்கிறது, மாடிக் குழாய் வானத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமை சிங்குக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அங்கே குழாய் நேராகப் போகாமல், கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி, வளைந்து போகிறது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். எந்தத் தண்ணீராவது மேலே ஏறுமா? நேர்வழி இருக்கச் சுற்றுவழியில் விட்டால் எந்த வண்டியும் தாமதமாகத்தானே போகும்? அந்த வளைவைக் கழற்றினேன். அதற்குள்ளும் சிங்கிலும் தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் வாளியில் விழுந்தது. வாளி நிறைந்துவிட்டதே என்று எழுந்து, அதை அப்படியே சிங்கில் கொட்டினேன். சிங்குக்கு அடியில் குழாய் இல்லை என்பது, அது என் காலில் விழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. போன் வாளிக்குள் போனதும் அந்தக் குழப்பத்தில்தான். ஆனாலும் விடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வளைவுக்குப் பதில் ஒரு நேர் ஓஸ் குழாயைச் செருகிக் கம்பி போட்டுக் கட்டினேன். தண்ணீர் சர்ரென்று போயிற்று. அது போன வழியாகவே சாக்கடையின் வாடை முழுவதும் சர்ரென்று வந்தது.

சனிக்கிழமை மூன்றரைக்கு என் மனைவியோடு முன்பு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த நாலு பேர் தேநீருக்கு வருவதாக ஏற்பாடு. பதினொரு வருஷம் கழித்து எல்லாரும் ஒன்றாகச் சந்திக்கிறார்கள். அவள் புதுத் திரை மாட்டினாள், மாவு சலித்துக் கேக் செய்தாள். "அவங்க போற வரைக்கும் நீங்க எதையும் தொடாம இருந்தாப் போதும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நானும் தொடவில்லை. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒரு அம்மாள் தன் கணவரின் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டர் கடைசியா என்ன சொன்னார் தெரியுமா?" என்று நிறுத்தினார். "களக்" என்றது பாத்ரூம். யாரும் சிரிக்கவில்லை. நாலே காலுக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ வேலை நினைவுக்கு வந்துவிட்டது. கேக்கில் வெட்டினது ஒரு துண்டுதான்.

அவள் கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன், சம்பந்தி. கோப்பைகளை ஒன்றும் பேசாமல் அடுக்கினாள். நான் சிங்குக்கு அடியில் படுத்து அந்த ஓஸைக் கையால் நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டால் வாடை வரும், பிடித்தால் எழுந்திருக்க முடியாது. நீலப் பையின் ஜிப் சத்தம் கேட்டது. "எங்க கிளம்பிட்டே?" என்றேன். "மூச்சு விட" என்றாள். கதவு மூடிக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், 4.52. பழக்கதோஷம்.

இன்று காலை பல் டாக்டர் கீழே வந்தார். "எங்க வீட்டுலயும் நாலு நாளா எல்லாக் குழாயும் வாய் கொப்பளிக்குது சார், கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார். வீடெங்கும் பார்த்தார். பிறகு மொட்டை மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"இதை யார் சார் மூடினது?"

"காத்துல எங்கேருந்தாவது பறந்து வந்து விழுந்திருக்கும்" என்றேன்.

"காத்து டேப் போட்டு ஒட்டிட்டா போகும்?"

அவர் டேப்பைப் பிய்த்து மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. "வீட்டுச் சாக்கடைக்கெல்லாம் மூக்கு இதுதான் சார். மூக்கைப் பொத்தினா அது வாயால மூச்சு விடத்தானே பார்க்கும்? உங்க சிங்க் வழியா விட்டிருக்கு" என்றார். கீழே வந்து அந்த வளைவையும் அவரே மாட்டினார். வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் வாடையை வரவிடாமல் தடுக்கும் கதவாம். நான் கதவையும் கழற்றியிருக்கிறேன், மூக்கையும் பொத்தியிருக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குப் பல் வைத்தியப் படிப்பில் சொல்லித்தருவார்களா என்று கேட்டேன். "இல்ல சார், வாடகை வீட்டுல இருந்தா தானா வரும்" என்றார்.

இப்போது சிங்க் வாய் திறப்பதில்லை. வாடை இல்லை. கேக்கைச் சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. டிப்போவில் கடைசி வண்டியும் போன பிறகு இருக்கிற மாதிரி இருக்கிறது. தாங்கள் பெரியவர், எடுத்துச் சொன்னால் கேட்பாள். வீடு சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள். நான் இனி ஸ்பேனரைக் கையால் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லுங்கள். இதுவே அந்த எழுத்து. அவள் தனியாக வரவேண்டாம், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். எந்த வண்டியில் வர வேண்டும் என்று தெரிவித்தால் போதும்.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் மனம் நிறைந்த ஆசிகள். எல்லாக் குழாய்களும் தத்தம் வழியில் ஓடி, தங்கள் இல்லம் என்றும் செழித்திருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குழப்பத்துடனும் மரியாதையுடனும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடும்போது, மாலை 5.36-க்கு, என் மனைவி நீலப் பையோடு உள்ளே வந்தாள். அவள் உங்கள் வீட்டுக்கு வரவே இல்லையாம். கேட்டுக்குப் போகாமல் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போயிருக்கிறாள்; டாக்டர் வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காலையில் டாக்டரைக் கீழே அனுப்பினதும் அவள்தானாம். "நீங்களா என்னைக் கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். கூப்பிடற வழியாத் தெரியல" என்றாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் தங்களுக்குத் தேவையில்லை. தாங்கள் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளவும். நான் இதைக் கிழிக்கத்தான் போனேன். அவள் என் கையிலிருந்து பிடுங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து, நடுவில் இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு (சிரிப்பா வேறா என்று எனக்கு விளங்கவில்லை), ஸ்டாம்பையும் அவளே ஒட்டிவிட்டாள். "இது கட்டாயம் போகணும்" என்கிறாள். நேற்று மாடியிலிருந்து மகளிடம் போனில் பேசினாளாம். உங்கள் வீட்டுக் குளியலறையில் ஏதோ சொட்டுகிறதாமே. தாங்கள் பிளம்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமையே புது ஸ்பேனர் ஒன்று வாங்கி வந்திருக்கிறீர்களாமே.