யாருக்கும் ஒட்டாத நோய்

ஈசூன்,
12 மே 1987

மாதா துணை

மதிப்பிற்குரிய சம்பந்தி எட்மண்ட் அவர்களுக்குச் சவரிராஜ் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி பிலோமினம்மாளும் மகள் அற்புதமேரியும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். நலம் என்றால் நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களை இன்னும் சம்பந்தி என்று கூப்பிடலாமா என்பதும் புரியவில்லை. கூடாதென்றால் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். காரணம், தவக்காலமாம். ஈஸ்டர் முடிந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆண்டவரே உயிர்த்து எழுந்துவிட்டார், உங்கள் வீட்டில் மட்டும் இன்னும் பெரிய வெள்ளிக்கிழமை முடியவில்லையா? உண்மைக் காரணம் கோயிலில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு எய்ட்ஸ் என்று பேசிக்கொள்கிறார்கள். லிப்ட் பழுதானால் பாதிப் படியில் உட்கார்ந்து அழுகிறவன் நான். அந்த நோய் எப்படியெல்லாம் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கெல்லாம் மூச்சு வேண்டாமா சம்பந்தி?

நடந்தது இதுதான். நான் கப்பல் பட்டறையில் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுகிற வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அறுத்தால் மாவு மாதிரிப் பறக்கும். அதை இத்தனை வருஷம் உள்ளே இழுத்ததில் நுரையீரல் கெட்டியாகிவிட்டது என்கிறார் டாக்டர். என்னைப் போன்ற பழைய ஆட்களின் நெஞ்சை வைத்து ஆராய்ச்சி செய்கிறோம், மாதம் ஒரு தடவை வந்து குழாயில் ஊதிவிட்டுப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். பட்டறையில் இருந்தவரை என் நெஞ்சைப் பற்றி ஒருத்தன் கேட்டதில்லை, இப்போதாவது கேட்கிறார்களே என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். போன மாதம் ஊதுகிற அறையில் ஏர்கான் ஒழுகியது. எங்களைத் தூக்கிப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். பக்கத்து அறை எய்ட்ஸ் ஆலோசனை அறை. வாசலில் நான்கு மொழியில் பலகை. அதில் தமிழ்தான் ஆகப் பெரிதாக எழுதியிருந்தது. இந்த ஊரில் தமிழைப் பெரிதாக எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த அறையிலிருந்து நான் வெளியே வரவும், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கிற அல்போன்சம்மாள் சர்க்கரை பார்த்துவிட்டு எதிரே வரவும் சரியாக இருந்தது. நர்ஸ் எல்லாருக்கும் கொடுத்த எய்ட்ஸ் தாளை வேறு நான் மூச்சுத் திணறலுக்கு விசிறிக்கொண்டு நின்றேன். "என்னண்ணே, இங்கயா?" என்றார். "ஆமாம்மா, மாசா மாசம் வர்றேன்" என்றேன். போதாதா?

அந்த வராந்தாவில் நிஜமாகவே அந்த நோய் உள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார். சேதுபதி என்று பெயர், முப்பது வயதுதான் இருக்கும். எனக்கு மூச்சு இளைப்பதைப் பார்த்து எழுந்து, "உட்காருங்க அங்கிள், மெதுவா லா, அவசரம் இல்ல" என்று இடம் கொடுத்தார். போகும்போது கை கொடுத்தேன். என் கையைப் பிடித்தவர் விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

அன்றைக்குப் பூசையில் மன்றாட்டு வாசிக்கிற முறை அல்போன்சம்மாளுடையது. நல்ல மனசு, அதுதான் தொல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பெயர் சொல்ல விரும்பாத, ஈசூனில் ஒன்பதாவது மாடியில் வசிக்கிற, பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சகோதரர் கொடிய நோயிலிருந்து விடுதலை பெற" என்று உருகினார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே சொன்னது. நானும் பக்தியாகச் சொன்னேன். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன், பாதியில்தான் ஒன்பதாவது மாடி யாருடையது என்று உறைத்தது. பிறகு ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுத்துக்கொள்ளச் சாமியார் சொன்னார். வருஷக்கணக்காக என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்குத் திடீரென்று தமிழ்ப் பண்பாடு ஞாபகம் வந்துவிட்டது. தள்ளி நின்று கும்பிட்டார்கள். நீங்களும்தான் கும்பிட்டீர்கள் சம்பந்தி. இரண்டு பெஞ்சு தள்ளி நின்று, மிகவும் அழகாகக் கும்பிட்டீர்கள்.

மனசு கேட்காமல் தேக்காவுக்குப் போய் அப்துல் கஃபார் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். நான் அங்கே எப்போதும் கிளாஸில்தான் தேநீர் குடிப்பேன். அவர் என்னைப் பார்த்ததும், "அண்ணே, புங்குஸ் பண்ணிடவா?" என்று பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து பையில் குழல் போட்டுக் குடித்தேன். எனக்கு நெஞ்சு எரிந்தது. தேநீர் சூட்டினால் என்று எழுத ஆசைதான்.

இதற்கு ஒரு முடிவு கட்டலாமென்று சாமியாரிடம் போய் முறையிட்டேன். அவர் சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துக் கோயில் மண்டபத்தில் பேசவைத்தார். நல்ல பெண். கை குலுக்கினால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, இருமினால் ஒட்டாது என்று பொறுமையாகச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு இருப்பது நெஞ்சு வியாதி என்று சொல்ல எழுந்தேன். எழுந்த வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் பேசி இன்னும் வாய் மூடவில்லை, எனக்கு முன்னால் இருந்த வரிசை காலி. கடைசியில் கேக்கும், ரோஜா மணக்கிற பண்டுங் தண்ணியும் கொடுத்தார்கள். என் பங்கை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்கள்.

சம்பந்தி, கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான், ஆனாலும் நினைக்காதீர்கள். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய நிச்சயதார்த்தச் சேலையை மேரி எடுத்து எடுத்து மடித்துவைக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் நோய் என்னோடு போய்விடும். என் வீட்டில் யாருக்கும் அது கிடையாது, வரவும் வராது. ஒரே தட்டு, ஒரே படுக்கை, ஒரே வீடு, இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் ஒட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் டாக்டரிடமே கூட்டிப்போகிறேன், உங்கள் காதால் கேளுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் மாப்பிள்ளைத் தம்பிக்கும் எங்கள் அன்பு. தேவமாதா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். நல்ல பதிலாக எழுதுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க எனக்குச் சக்தி இல்லை.

இப்படிக்கு,
சவரிராஜ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே இன்று காலை ஊதப் போனேன். என்றைக்கும் இல்லாமல் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, "உங்க வேலை உடுப்பை வீட்டுல யாரு துவைச்சாங்க?" என்று கேட்டார். என் பெண்சாதிதான், உதறி உதறித் துவைப்பாள், உதறினால் அந்தத் தூசியில் சமையலறை முழுக்க வெள்ளையாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த தடவை அவர்களையும் கூட்டிவாருங்கள் என்றார். ஆகவே மேலே சத்தியம் செய்த வரிகளை அடித்துவிடுங்கள். பிலோமினம்மாளிடம் சொன்னேன். "சம்பந்திக்கு எழுதுங்க. துணி எல்லாத்தையும் நான்தான் துவைச்சேன், மேரி ஒண்ணக்கூடத் தொட்டதில்லன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். சொல்லும்போது இருமினாள். பட்டறையிலிருந்து வந்ததும் வாசலிலேயே ஓடிவந்து என் சட்டையைக் கட்டிக்கொள்கிற பிள்ளைகள் யாராவது இருந்தார்களா என்றும் டாக்டர் கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உங்களுக்கு எழுதமாட்டேன்.