மூட்டை முந்தின நாளே கிளம்பிவிட்டது

பெங்களூரில் இருக்கும் தங்கை லோகாம்பாளுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து அக்கா மணியம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே பேரப்பிள்ளைகள் எல்லாரும் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கலாவதி எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு. சின்னவன் முனிரத்தினம் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது. முதலில் வந்தவன் இரண்டு வருஷம் பெயிலான பெரிய பையன், அதனால் நம்மவனே முதல் என்று வைத்துக்கொள். பூவராகவன் பி.யூ.சி. முடித்து, கார் லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டான்.

உன் மகள் வள்ளி கல்யாணத்துக்கு நான் வராததற்கு, "அக்காவுக்குப் பிரயாணத்துக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். எனக்கா தெரியாது? திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்றால் மேற்கே சூலம். ஆகையால் சனிக்கிழமை காலை ஏழரைக்குமேல் நல்ல நேரம் பார்த்து, நம் வீட்டுத் தறியில் நெய்த முகூர்த்தப் புடவையையும் நீ அனுப்பின கல்யாணப் பத்திரிகையையும் மூட்டை கட்டி, முசரவாக்கத்தில் செல்லியம்மாள் வீட்டில் வைத்தேன். அவள் நம் தறிக்குப் பாவு நூல் பிணைக்க வருகிற கலியனின் பெண்சாதி, தெரியுமில்லையா? மூட்டை கிளம்பினால் நாமே கிளம்பின கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பூவராகவன் அம்பாசிடரை எடுத்தான், நான் வழியெல்லாம் கலாவதி மார்க்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன், முசரவாக்கம் எப்போது போனதென்றே தெரியவில்லை, ஆம்பூரில் டீ குடிக்க இறங்கினபோதுதான் அவன் கேட்டான்.

"ஆயா, பொடவ எங்க?"

"அது நேத்தே கெளம்பிடுச்சிப்பா."

"கெளம்பி?"

"செல்லியம்மா வூட்ல குந்திக்கினு இருக்குது."

புடவை இல்லாமல் என்ன கல்யாணம் என்று காரைத் திருப்பினோம். பள்ளிகொண்டா அருகே டயர் வெடித்தது.

"ஸ்டெப்னிய எடுப்பா."

"முறுக்குத் தவலைக்கி எடம் பத்தலன்னு நீதானே ஆயா எறக்கி வெக்கச் சொன்ன?"

முறுக்கை விட்டுவிட்டா சீர் கொண்டுவருவார்கள், நீயே சொல். வேறு டயர் தேடி மாட்டிக்கொண்டு இருட்டினபின் முசரவாக்கம் போய்ச் சேர்ந்தால், செல்லியம்மாள் வாசலில் சிரிக்கிறாள்.

"இன்னாக்கா, மூட்டய வுட்டுட்டுக் கண்ணாலத்துக்குப் போறியா? எங்க வூட்டுக்காரரு அத்த எடுத்துக்கினு, பத்திரிகையில வெலாசம் பாத்து பஸ் ஏறிட்டாரும்மா!"

விடிந்ததும் மறுபடி கிளம்பினோம். நீ அட்சதை போட்ட நேரத்தில் நாங்கள் வாலாஜாவில், ரேடியேட்டர் புகைய, மெக்கானிக்குக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் கலியன் கொண்டுவந்த புடவையைக் கட்டித்தானே வள்ளி மணையில் உட்கார்ந்தாள்? நல்ல நேரத்தில் கிளம்பிய மூட்டை போய்ச் சேர்ந்தது, சூலத்தில் கிளம்பிய நாங்கள் வந்து சேரவில்லை. என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த தடவை நானும் மூட்டையோடு முந்தின நாளே செல்லியம்மாள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

வள்ளியும் மாப்பிள்ளையும் காமாட்சி புண்ணியத்தில் குறைவில்லாமல் வாழட்டும்.

உன் அக்கா,
மணியம்மாள்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது செல்லியம்மாள் வந்தாள். கலியன் எத்தனை மணிக்குப் பஸ் ஏறினார் என்று பெருமையாகக் கேட்டேன். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குக்கா" என்கிறாள். சுத்த ராகுகாலம்! ஆகவே நேரத்தைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டுப் படி. நம் தறிப் புடவை எந்த நேரத்தில் கிளம்பினாலும் போய்ச் சேரும். நீ அனுப்பிய போட்டோவில் கல்யாண மாலை புடவைக் கரையை முழுக்க மறைத்துவிட்டது, அதில் நெய்த ஒரு மயில்கூடத் தெரியவில்லை. வள்ளியை அதே புடவையைக் கட்டி, மாலையில்லாமல், முந்தானை நன்றாகத் தெரிகிறாற்போல் நிற்கவைத்து, புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.