செருப்பு விலை வாட்ச்

"இது எவ்வளவு?" என்று மனைவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"எது?"

"கையில மின்னுதே, இதுதான். நேத்து இல்லையே."

"ஓ, இதுவா? இது சும்மா. டூப்ளிகேட்டு. பிளாட்பாரத்துல போட்டு வித்துட்டிருந்தான். ஒரு செருப்பு விலைதான்."

"எந்தச் செருப்பு? உங்களோடதா, என்னோடதா?"

"உன்னோடது" என்றார். கொஞ்சம் நம்பும்படியாகவும் இருக்கட்டுமே.

உண்மையில் அந்த விலைக்கு ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கலாம். கார் வாங்கியிருந்தால் குடும்பத்தோடு போய் வரலாம், நாலு பேர் பார்க்க வாசலில் நிறுத்தலாம். எல்லாம் சரி, காரைக் கையில் கட்டிக்கொண்டு தூங்க முடியுமா?

அவரைக் குறை சொல்வதற்கு முன் அந்த வாட்சை ஒரு தடவை பார்க்க வேண்டும். நடுக்கடல் நீலத்தில் முகம். வினாடி முள் குதிக்காது, எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடும். வெளிவட்டத்தைத் திருப்பினால் ஒவ்வொரு சொடுக்கும் எண்ணி வைத்தாற்போல் கச்சிதமாக விழும். இருட்டில் அதன் எண்கள் பச்சையாக ஒளிரும். அதைப் பார்ப்பதற்காகவே அவர் போர்வைக்குள் தலையை விட்டுக்கொள்வார். முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு முக்குளிப்பவர்களுக்காகச் செய்த ஸ்போர்ட்ஸ் வாட்ச் அது. நம்மவர் இதுவரை இறங்கிய அதிகபட்ச ஆழம் இடுப்பளவு. அதனால் என்ன, வாட்சுக்குத் தெரியவா போகிறது?

அவர் கடைக்கு நேர் எதிரே ஷோரூம். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக்கொண்டே ஏழெட்டு வருஷமாகச் சாலையைத் தாண்டி அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார். மனைவிக்குத் தெரியாமல் தனியாக ஒதுக்கிய பணம் ஒருவழியாகச் சேர்ந்ததும், சாலையைத் தாண்டி உள்ளே நுழைந்தார்.

ஷோரூம் பெண் நேர்மையானவள். விலையோடு நிறுத்தவில்லை.

"சார், சில வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணணும். தண்ணி புகாம இருக்க உள்ள ரப்பர் வளையம் மாத்தணும். இன்ஷூரன்ஸ் எடுத்துக்கறது நல்லது."

"சர்வீஸ் எவ்வளவு ஆகும்?"

அவள் சொன்னாள். அந்தத் தொகைக்கு அவர் வாழ்நாளில் கட்டிய எல்லா வாட்சுகளையும் பட்டையோடு சேர்த்து வாங்கிவிடலாம்.

கண்ணாடிக் கடைக்காரர் கணக்குப் போட்டார். இன்னும் நாற்பது வருஷம் தினமும் கட்டினால் வாட்ச் விலை நாளொன்றுக்கு ஒரு டீ. சர்வீசையும் இன்ஷூரன்சையும் சேர்த்தால் ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும். ஒரு மனுஷன் தனக்கென்று ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிடக் கூடாதா? கணக்கில் ஒரே ஒரு சிக்கல். அது சரியாக வர அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் இருந்தாக வேண்டும். அதற்காக மறுநாளே காலை நடைப்பயிற்சியை ஆரம்பித்தார். அவருக்கு உடம்பின்மேல் இப்படி ஓர் அக்கறை வந்ததே என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

சந்தோஷம் வந்தால் அவள் சும்மா இருக்க மாட்டாள்.

"ஏங்க, அந்த வாட்ச் பார்க்க அசல் மாதிரியே இருக்குங்க. எங்க அண்ணனுக்கு ஒண்ணு, தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"அந்த ஆள் இப்ப அங்க கடை போடறதில்லையே."

"அப்போ இதை அண்ணனுக்குக் குடுத்துடுங்க. அந்தப் பிளாட்பாரத்து ஆள் வந்ததும் நீங்க வேற வாங்கிக்கலாம். செருப்பு விலைதானே?"

"இரு இரு, எங்கயாவது இருப்பான். தேடிப் பார்க்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

கடையைச் சாத்திவிட்டு ஊரில் இருக்கிற பிளாட்பாரமெல்லாம் அலைந்தார். கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அதே மாடலில் ரெண்டு போலிகள் கிடைத்தன. வினாடி முள் தவளை மாதிரி குதித்தது, வெளிவட்டம் பழைய பாட்டில் மூடி மாதிரி ஆடியது. கையில் வைத்தால் எடையே இல்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அசல் அசல்தான், போலி போலிதான் என்று தன் மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தார்.

மச்சான் மெத்தைக் கடை வைத்திருப்பவர். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். செருப்பு விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார். சகலை பல் டாக்டர். அவர் இரண்டு வாட்சையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சகலை, உங்களோடது வழுக்கிட்டுப் போகுது. என்னோடது குதிக்குதே."

"புதுசு இல்லையா, போகப் போக சரியாயிடும்."

"எங்க, உங்களோடதைக் கொஞ்சம் குடுங்க." வாங்கிக் கையில் கட்டிப் பார்த்தார். மச்சானும் கட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது இருவர் முகத்திலும் பொம்மையைப் பறிகொடுத்த குழந்தையின் வாட்டம். கண்ணாடிக் கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த தடவை குடும்பம் கூடியபோது சகலை தானாகவே வந்து சொன்னார். "நீங்க சொன்ன மாதிரியே சரியாயிடுச்சு சகலை. இப்பல்லாம் குதிக்கறதில்ல." அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னதை நம்மவர் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் பக்கத்துக் குழந்தையின் ஐஸ்கிரீம் தன் வாட்சின்மேல் சொட்டிவிடக் கூடாதே என்பதில் இருந்தது.

மச்சானோ கைக்குட்டையை வாட்சின்மேல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சன் என்றால் இப்படியா? செருப்பு விலைச் சாமானையும் பொத்திப் பொத்தி வைக்கிறாரே என்று நம்மவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அதற்குள் அவர் புகழ் பரவிவிட்டது. பொருளை மலிவாக வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மாமியாரே சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் வாயால் அவர் கேட்ட முதல் பாராட்டு.

"மாப்பிள்ளை, எனக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வேணும். நீங்க வாங்கினா பாதி விலைக்கு முடிப்பீங்கன்னு உங்க வீட்ல சொன்னா."

"அத்தை, ஃப்ரிட்ஜெல்லாம் அப்படிக் கிடைக்காது."

"என்னங்க, வாட்ச் மட்டும் கிடைச்சுதே?" என்றாள் மனைவி.

பாதியை மாமியார் கொடுத்தார். மீதிப் பாதி, சர்வீசுக்கென்று நம்மவர் எடுத்து வைத்திருந்தது. வாட்சுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு என்று ஷோரூம் பெண் சொன்னாள், பொய்க்கும் உண்டு என்று சொல்லவில்லை. டீயும் பிஸ்கட்டும் இப்போது முழுச் சாப்பாட்டு விலைக்கு ஏறியிருந்தது. நடைப்பயிற்சியை அவர் மாலையிலும் தொடங்க வேண்டியதாயிற்று.

ஃப்ரிட்ஜ் வந்து கீழே இறங்கியது. மாமியார் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகனும் மருமகன்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"நில்லுங்க நில்லுங்க" என்று மாமியார் ஓடி வந்தார். "வாட்சைக் கழட்டுங்க மூணு பேரும். புது ஃப்ரிட்ஜுல கீறல் விழுந்துடப் போகுது."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கழற்ற யாருக்கும் மனமில்லை. ஆனால் செருப்பு விலை வாட்சுக்காக மாமியாரிடம் எப்படி மல்லுக்கு நிற்பது? கழற்றிக் கொடுத்தார்கள். மாமியார் மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு மேலே போனார்.

ஃப்ரிட்ஜைச் சமையலறையில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றபோது மாமியார் சொன்னார்.

"வாட்செல்லாம் ஒரே வேர்வை. பாத்திர சோப்புல ஊறப் போட்டிருக்கேன். ஒரு தேய் தேய்ச்சுக் குடுத்துடறேன்."

கழுவுதொட்டியில், நுரைக்கு அடியில், மூன்றும் கிடந்தன. மாமியாரின் கையில் கம்பி நார்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஐயோ என்று கத்த வேண்டும்போல் இருந்தது, கத்த முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் பாய்ந்து கம்பி நாரைப் பிடுங்கினார். சகலை தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டார்.

"நாங்களே கழுவிக்கறோம் அத்தை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார் பல் டாக்டர், நுரைக்குள் துழாவிக்கொண்டே. நல்ல மனசு என்று நம்மவர் நெகிழ்ந்துபோனார்.

துடைத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்கள். அங்கேதான் விபரீதம். மூன்று முள்ளும் வழுக்கிக்கொண்டு ஓடின. மூன்று நீலமும் ஒரே நீலம். நம்மவர் சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார். யாரும் பார்க்காதபோது சமையலறைத் தராசில்கூட ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே எடை. ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்தவருக்குத் தன் வாட்ச் எது என்று தெரியவில்லை.

முதலில் பயம் வந்தது. பிறகு துக்கம். பேருந்து நிலையத்துச் சாமான் நாலு மாதத்தில் இப்படித் தேறிவிடும் என்றால், கார் விலை கொடுத்து எதை வாங்கினோம்? ஏழெட்டு வருஷம் சாலையைத் தாண்டிப் பார்த்துப் பார்த்து ஏங்கியது எதற்கு? ஆனாலும் மூன்றையும் பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் அழுகையை வரவழைத்தது.

"இது என்னோடது" என்று மச்சான் ஒன்றை எடுத்தார்.

"இல்ல மச்சான், அது என்னோடதுன்னு தோணுது" என்றார் பல் டாக்டர்.

"எப்படிச் சொல்றே?"

"நீங்க எப்படிச் சொல்றீங்க?"

மச்சான் மனைவி சிரித்தாள். "செருப்பு விலை வாட்சுக்கு என்ன இப்படி அடிச்சுக்கறீங்க? யாரு எதை எடுத்தா என்ன?"

நல்ல கேள்வி. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டால் அசல் கை மாறிவிடலாம், அப்புறம் தீர்ந்தது கதை. நம்மவருக்கு அவசரத்தில் இன்னொரு பொய் உதித்தது.

"இருங்க. சோப்புத் தண்ணி உள்ள போயிருக்கும். மூணையும் என்கிட்ட குடுங்க. வித்தவன்கிட்டயே குடுத்து உலர்த்தி, யாரோடது எதுன்னும் கேட்டுட்டு வந்துடறேன்."

"வேணாம் மாப்ளே, என்னோடது நல்லாத்தான் ஓடுது."

"நானே வெயில்ல காய வெச்சுக்கறேன் சகலை."

"குடுத்துத் தொலைங்களேன்" என்று அவரவர் மனைவிகள் அதட்டினார்கள். "அவர் பாவம், மெனக்கெட்டு எடுத்துட்டுப் போறேங்கறார்."

மச்சான் வாட்சைக் கொடுத்தார். ஆனால் விரல்கள் விடவில்லை. நம்மவர் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பல் டாக்டர், "பார்த்து, பத்திரம்" என்று மாடிப்படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஷோரூம் திறக்கும்போதே கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் நின்றார். வாட்சின் எண் அச்சிட்ட அட்டையையும் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும் என்று வாங்கிய அன்றே அங்கேயே விட்டு வந்திருந்தார். அதை வைத்துத்தான் இனி கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றையும் மேஜையில் வைத்தார். ஷோரூம் பெண் ஒவ்வொன்றாக எடுத்து, பட்டையை விலக்கி, எண்ணைப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுதாம்மா அசல்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "மத்த ரெண்டும் பேருந்து நிலையத்துப் போலி. தப்பா நினைச்சுக்காத. ஆனா எது எதுன்னு என்னாலயே சொல்ல முடியல. அப்படி இருக்கு போலி. இதுக்கா நான் இவ்வளவு குடுத்தேன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல."

அவள் மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மூணுமே அசல்தான் சார். வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு மெத்தைக் கடை சாரும் பல் டாக்டர் சாரும் உங்களை மாதிரியே பெட்டியை இங்கதான் விட்டுட்டுப் போயிருக்காங்க."