தபால்தலை அளவு மீன்

மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போன மூன்றாம் நாள், அவள் ஆறு வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த தங்கமீன் செத்து மிதந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டுகிறவர், ஒரு மீனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடுமே. போன தடவை அவளுடைய ரோஜாச்செடியைக் காயவிட்ட கோபமே இன்னும் ஆறவில்லை. அன்று மாலையே கடை கடையாக ஏறி இறங்கி, அதே நிறத்தில் ஒரு மீனை வாங்கித் தொட்டியில் விட்டார்.

தினமும் மீனின் போட்டோ வந்தாக வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. அனுப்பினார். மீனை மட்டும் வெட்டியெடுத்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கி அனுப்பினார்.

"ஏங்க, படம் ஏன் இத்தனூண்டு இருக்கு?"

"நெட் சரியில்லம்மா."

"வாலு வேற மாதிரி தெரியுதே."

"தண்ணிக்குள்ள அப்படித்தான் தெரியும்."

படம் சுருக்குவதில் அவர் கில்லாடி. வண்ணமீன் வளர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில், புதிதாகச் சேருகிறவர்களை வரவேற்பது அவர் பொறுப்பு. எண்ணூறு பிக்சலுக்கு மேல் அகலமான படத்தை அந்தக் குழு ஏற்காது. புதியவர்கள் விழி பிதுங்கி நிற்பார்கள். வீட்டில் கேட்டதையே மறுபடி கேட்டால் எரிந்து விழுகிற மனிதர், அங்கே பத்துத் தரம் சொல்லிக்கொடுப்பார்.

ஏழாம் நாள் 'கத்துக்குட்டி' என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"வாங்க வாங்க. தயங்காம எது வேணாலும் கேளுங்க," என்று இவர் எழுதினார்.

"ரெண்டு போட்டோ இருக்கு சார். ஒரே மீனான்னு பாத்துச் சொல்லணும். ஏத்த வரமாட்டேங்குது."

இவர் நிதானமாகப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் படம் சுருங்கி ஏறியது. இரண்டாவதைச் சுருக்க வேண்டிய வேலையே இல்லை. அது ஏற்கெனவே பொடிசாக இருந்தது. அதைப் பெரிதாக்கி, கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். உற்சாகம் தலைக்கேறியது. குழுவில் அத்தனை பேரும் பார்க்கும்படி எழுதினார்.

"சத்தியமா ஒரே மீன் இல்லைங்க. முதல் மீனுக்கு வால் நுனி வெள்ளை. ரெண்டாவதுக்கு இல்ல. இவ்வளவு சின்னதாச் சுருக்கினதே அதை மறைக்கத்தான். யாரோ உங்களை நல்லா ஏமாத்துறாங்க. லேசுல விடாதீங்க."

எழுதி முடித்த கையோடு செல்போன் அடித்தது. மனைவி.

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.

அந்தப் பொடிப் படம் தாமே வெட்டிச் சுருக்கியது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மீன் செத்ததிலிருந்து புது மீன் வாங்கியது வரை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

"அதுக்கு வயசாயிடுச்சுங்க. கிளம்பும்போதே தெரியும், தேறாதுன்னு. நீங்க சுருக்கி அனுப்பின முதல் போட்டோவைப் பாத்ததுமே அழுது முடிச்சுட்டேன். புதுசு நல்லா சாப்பிடுதா?"

"மூணு வேளையும் போடுறேன்."

"ரெண்டு வேளை போதும். ஊதிடும்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. நாலு நாளாக நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனைவி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபடி காலை நீட்டி உட்கார்ந்தார்.

"அப்ப இனிமே மீன் போட்டோ வேண்டாம்ல?"

"வேண்டாங்க. நாளைக்குக் காலையில நானே வந்துடுறேன். இப்ப எழுந்து போயி, சமையலறையில பாத்திரம் கழுவுற இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. சுருக்காம."