ஸ்கூட்டரில் போன ஒட்டகம்

வால்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் ஒன்று மனிதன் இருக்க வேண்டும், இல்லையென்றால் மிருகம் இருக்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று நோராவிடமே கேட்டுவிடலாம்தான். அவள் என்ன சொல்வாள் என்பது நன்றாகத் தெரிந்ததால் கேட்கவில்லை.

மனைவி நோராவிடம் இருந்தவை உயிருள்ள பிராணிகள் அல்ல. அப்படி இருந்திருந்தாலாவது ஒன்றை ஒன்று தின்று கொஞ்சம் இடம் விட்டிருக்கும். இவை பொம்மைகள். அவள் எதிரில் பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது, 'கலெக்‌ஷன்' என்று சொல்ல வேண்டும். அந்தக் கால மூர் மார்க்கெட்டில் அவள் அப்பா வாங்கிய பீங்கான் நாய், பித்தளை ஒட்டகம். கொலு சீசனில் மயிலாப்பூர் மாட வீதியில் பிடித்த களிமண் பசு. பாண்டி பஜாரில் வாங்கிய, காகிதத்தை மடித்துச் செய்த மாதிரி உடம்பெல்லாம் பட்டை பட்டையான தங்க நிற மான். பழசும் புதுசும் கலந்து வைத்தால்தான் வீட்டுக்கு அழகாம். ஷோகேஸ் நிரம்பி, டி.வி. மேஜை நிரம்பி, ஃபிரிட்ஜ் தலையில் வாத்துகள் ஏறிவிட்டன. அபிராமபுரம் வீட்டு ஹால் நோவாவின் பேழை ஆகிவிட்டது. பேழையிலாவது நோவாவுக்கு உட்கார இடம் இருந்தது.

வால்டருக்கு மிச்சம் இருந்தது ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி மட்டும். வரலாற்று வாத்தியாராக ரிடையர் ஆன நாளிலிருந்து அதுதான் அவர் சாம்ராஜ்யம். பேப்பர் படிப்பது, காப்பி குடிப்பது, தூங்குவது, தூங்கவே இல்லை என்று சாதிப்பது எல்லாம் அதில்தான்.

ஒரு நாள் நோரா அந்த நாற்காலியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஒரு மரக்குதிரை பார்த்து வெச்சிருக்கேன். இடுப்பு உயரம். ஜன்னல் வெளிச்சத்துல நின்னா ராஜா மாதிரி இருக்கும்."

"எந்த ஜன்னல்?"

"ஹால்ல எத்தனை ஜன்னல் இருக்கு?"

"அங்க நான் இருக்கேனே, நோரா!"

"அதான் யோசிக்கறேன்."

"யோசிக்காத!"

"இடம் பத்தாது, டெரிக் வீட்டுக்குப் போயிடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

டெரிக், நோராவின் தம்பி. மஸ்கட்டில் இருக்கிறான். கொட்டிவாக்கத்தில் அவனுடைய பெரிய ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது. நீங்களே வந்து இருங்கள் அக்கா என்று அவன் கெஞ்சியபோது, "நான் இந்த நாற்காலியை விட்டு நகர மாட்டேன்" என்று அடம் பிடித்தவர் வால்டர். "அப்ப நீங்க முதல்ல குடி போகாம நானும் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று நோராவும் ரோஷத்தோடு சொல்லிவிட்டாள். அவ்வப்போது போய் மோட்டார் போட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது வால்டர்தான்.

அங்கேதான் வால்டருக்கு மூளை வேலை செய்தது. நோரா எட்டிப் பார்க்காத வீடு. சாவி தன் பாக்கெட்டில். ஒவ்வொரு மிருகமாக அங்கே கடத்திவிட்டால் ஷோகேஸ் காலியாகும். காலியான ஷோகேஸை நகர்த்திக் குதிரையை நிறுத்தலாம். நாற்காலி பிழைக்கும்.

மறுநாள் நோரா காலைப் பூசைக்குக் கோயிலுக்குக் கிளம்பியதும் பித்தளை ஒட்டகத்தைப் பேப்பரில் சுற்றினார். ஸ்கூட்டரில் காலடியில் நிறுத்தி, அடையாறு பாலம் தாண்டி, கொட்டிவாக்கத்தில் உள் அறையில் வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினார். ஒரு கோழியின் மூக்கு திரும்பியிருந்தாலே கண்டுபிடிப்பவள் நோரா. அதனால் வழியெல்லாம் பொய்களை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்.

ஒன்றுக்கும் வேலையே இல்லை. நோரா வந்தாள், ஷோகேஸைத் துடைத்தாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். வால்டருக்குத்தான் வாய் நமநமவென்றது.

"ஷோகேஸ்ல ஏதோ காலியா இருக்கிற மாதிரி இல்ல?"

"எங்க?"

"அந்த ஒட்டகம்..."

"எந்த ஒட்டகம்?"

மறுநாள் ஒட்டகம் இருந்த இடத்தில் பீங்கான் நாய் முன்னால் வந்து நின்றது. பக்கத்திலேயே பழைய பேப்பர் கட்டு. வாசலில் ஒரு கெட்டிப் பை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருக்கிறதே என்று மகிழ்ந்து நாயைக் கடத்தினார். பிறகு பசு. பிறகு வாத்துகள். எதைக் கேட்டாலும் நோரா, "எந்தப் பசு?", "நம்ம வீட்டுல ஏது வாத்து?" என்றாள்.

ஒட்டகச்சிவிங்கி போன அன்று தெருமுனையில் வசந்தி மறித்தாள். கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருபவள்.

"இன்னா சார், சிவிங்கிய எங்க இட்டுக்கினு போற?"

"ரிப்பேருக்கு."

"நல்லாத்தான கீது? கழுத்து நீளமா கீதுன்னு வெட்டப் போறியா?"

"உனக்கெதுக்கு வசந்தி அதெல்லாம்?"

"எனக்கின்னா வந்துச்சு. அம்மா இனிமே இங்க மீன் வாணான்ட்டாங்க, தெரியுமா உனக்கு?"

வால்டர் சடாரென்று பிரேக் பிடித்தார். நோராவுக்கு மீன் வேண்டாமா? தவக்காலத்தில் கறியை விடுவாளே தவிர, மீனை விட்டதே இல்லையே!

சிவிங்கியை இறக்கிவிட்டுக் குழப்பத்தோடு வீடு திரும்பினால், மாடிப்படியில் கீழ் வீட்டு நாகராஜ். வீட்டுச் சொந்தக்காரர். வால்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் பழகிட்டோம், சார். நீங்க இல்லாத வீட்டை நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு."

"எனக்கென்ன சார்? நல்லாத்தானே இருக்கேன்!"

"அம்மா எல்லாம் சொன்னாங்க சார். தைரியமா போங்க."

வால்டர் ஓடிப்போய் நாற்காலியில் விழுந்து தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் கோளாறு தன்னிடம் இல்லை. ஒட்டகம் ஞாபகம் இல்லை, மீன் ஞாபகம் இல்லை, புருஷன் உயிரோடு இருப்பதுகூட ஞாபகம் இல்லை. ஐயோ, நோராவுக்கு மறதி வந்துவிட்டது!

கல்யாண நாளில் அவர் மோதிரத்தைத் தவறவிட்டதை இன்றுவரை மறக்காதவள். அவளைப் போய் இப்படி ஏய்த்துவிட்டோமே. ஞாபகத்துக்குப் பிடிமானமாக இருந்த பொருள்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போனால் பாவம் அவளுக்கு எதுதான் நிற்கும்? கடத்தலை அன்றோடு நிறுத்தினார். சில நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பிரம்பு நாற்காலி குத்தியது. கடைசியில், எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடுவது, குதிரைக்கு நாற்காலி இடத்தையும் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். நாற்காலி போனால் போகட்டும், நோரா நோராவாக இருந்தால் போதும்.

கோயிலில் வேலை இருக்கிறது, மதியம்தான் வருவேன் என்று நோரா போன நாளில் கொட்டிவாக்கத்துக்குப் பறந்தார்.

கதவு பூட்டவில்லை. உள்ளே வஞ்சிரம் வறுக்கும் வாசனை. ஹாலில் ஒட்டகமும் மானும் வாத்துகளும் பளபளவென்று வரிசைகட்டி நின்றன. கடல் பார்த்த ஜன்னலில் ராஜா மாதிரி மரக்குதிரை. கையில் கரண்டியோடு நோரா வந்தாள்.

"வெறுங்கையோடவா வந்தீங்க? பூனை எங்க? எத்தனை நாளா முன்னால எடுத்து வெச்சிருக்கேன், தொடவே மாட்டேங்கறீங்க."

"நீ... நீயா எடுத்து வெச்சே?"

"பின்ன, பேப்பரும் பையும் தானா நடந்து வந்துச்சா? ஒட்டகம் பேப்பருக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டு இங்க இறங்கினதை வசந்தி பார்த்துட்டு அன்னைக்கே சொல்லிட்டா. எப்படியும் லாரிக்காரன் காது ஒண்ணு கால் ஒண்ணா உடைச்சுருவானேன்னு நானும் கவலைப்பட்டுட்டு இருந்தேன். நீங்க கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்திருக்கீங்க. ஒரு கீறல் இல்ல!"

அவளுக்கு மறதி இல்லை என்பதில் வால்டருக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா, கோபமா என்று அவருக்கே புரியவில்லை.

"இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னியே?"

"நீங்க முதல்ல குடி போகாமன்னு சொன்னேன். ஒட்டகத்தோட நீங்கதானே முதல்ல வந்தீங்க? தம்பி குடுத்த இன்னொரு சாவி எங்கிட்ட சும்மாதானே கிடந்துச்சு. நீங்க இந்தப் பக்கம் வராத இந்தச் சில நாள்ல எல்லாத்தையும் ஹால்ல அடுக்கிட்டேன். நாகராஜ் சார்கிட்டயும் வீட்டைக் காலி பண்றோம்னு சொல்லிட்டேன்."

"முடியாது!" என்று வால்டர் கடைசியாக ஒரு முறை கர்ஜித்தார். "நாற்காலியை விட்டு நகர மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கும் அதேதான் சொல்றேன்!"

"யாரு உங்களை நகரச் சொன்னா?" நோரா அடுத்த ஜன்னலைக் கரண்டியால் காட்டினாள். அதன் கீழே சுத்தமாகப் பெருக்கிய காலி இடம். "உங்க நாற்காலியையும் பேப்பர்ல சுத்தி ஸ்கூட்டர்ல எடுத்துட்டு வந்துடுங்க."