பாராயணப் புத்தகத்தின் அரை அங்குலம்

சிவகாசிக்காரன் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் முதலில் படிக்க மாட்டான். மூடி வைத்து, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பான். வெட்டு நேராக விழுந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அவன் மனம் ஆறும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் மூலைமட்டம் பார்க்கிற ஊர் இது. அந்த ஊரில் பிறந்து, அச்சுத்தொழில் டிப்ளமோ வாங்கி, ஒரு காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நான், இருபத்து நான்காம் வயதில், பல நூறு பேருடைய வேண்டுதலையும் நன்றியையும் கட்டிங் மிஷினில் வைத்து வெட்டித் தள்ளினேன். (தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் வெளியூரில் சொல்லுவேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.)

சம்பவம் நடந்தது ஓர் ஆன்மிக நூலகத்தில். பழைய காகித கோடவுனுக்கு மேல் மாடியில் இரண்டே அறை. பாராயணப் புத்தகம், பதிக உரை, தல புராணம், மகான்களின் உபதேசம் தவிர வேறு எதுவும் அங்கே கிடையாது. அதை ஆரம்பித்தவர் ஓர் அச்சக முதலாளி, ஊருக்கே அண்ணாச்சி. நான் அங்கே போவதற்கு வெகுகாலம் முன்பே காலமாகிவிட்டார். ஊரில் எந்த அச்சகத்தில் பக்திப் புத்தகம் அச்சானாலும் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாராம். அக்கம்பக்கத்தார் படிக்கக் கேட்டார்கள், கொடுத்தார். அப்படியே அது நூலகமாகிவிட்டது.

ஆரம்பத்தில் கடுமையான சட்டம்: புத்தகத்தில் ஒரு புள்ளி வைக்கக்கூடாது. ஒரு நாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் திருப்பிக் கொடுத்த புத்தகத்தில், ஓரமாகப் பென்சிலில், இந்தப் பாட்டைப் படித்த அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல் விட்டது என்று எழுதி, கீழே பெயரும் ஊரும் போட்டிருந்தாராம். அழிக்க ரப்பரை எடுத்த அண்ணாச்சி, படித்துவிட்டு ரப்பரைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் சட்டம் மாறியது. எழுதலாம். பென்சிலில், ஓரத்தில் மட்டும். பெயரும் ஊரும் கட்டாயம்.

அதற்குப் பிறகு பாட்டுக்காகப் பாதிப் பேர், ஓரத்துக்காகப் பாதிப் பேர் என்று வர ஆரம்பித்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் யாராவது எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பிள்ளை வீட்டை விட்டுப் போனவர்கள், போய்த் திரும்பி வந்த பிள்ளையைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்பார்கள். எந்தக் கவலை எந்தப் புத்தகத்தின் ஓரத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அங்கே நூலகர் வேலை.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்த வரலாறு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஓரம் பூராவும் கிறுக்கல் என்பதுதான்.

அண்ணாச்சியின் மருமகள்தான் நூலகச் செயலாளர். அறுபது வயது, அதிகம் பேச மாட்டார். அங்கே புத்தகம் எடுத்துப் படிக்கும் என் அம்மா, 'எம் மகனுக்கு பைண்டிங் அத்துப்படி' என்று அவரிடம் பெருமை அடித்து என்னைச் சேர்த்துவிட்டாள். இரண்டு மாதம் மாலை நேரத்தில் போய்ப் பதிவேடு எழுதினேன். வாசகர்களிடம் பேசுவதெல்லாம் செயலாளர் அம்மாதான். மார்கழிக் கடைசியில் செயலாளர் அம்மா காசிக்குப் புறப்பட்டபோது சாவியை என் கையில் கொடுத்து, பல புத்தகத்தில் தையல் விட்டுப்போயிருக்கிறது, தைத்து வையுங்கள் என்றார். செய்யச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தைக்க.

பொங்கல் முடிந்தால் சிவகாசியில் காலண்டர் சீசன் முடிந்துவிடும். எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷின் சும்மா கிடந்தது. முதலாளியும் புண்ணியம் என்று சம்மதித்தார். நூற்று நாற்பது புத்தகங்களைத் தைத்தேன். தைத்ததோடு விட்டிருந்தால் இன்று நான் மதிப்பான மனிதன். சிவப்பு காலிகோ துணி அட்டை போட்டேன். முதுகில் தங்க எழுத்து அடித்தேன். பிறகு மூன்று பக்கமும் அரை அங்குலம் தாராளமாக வெட்டினேன். கிறுக்கல் போய், புத்தகம் முகம் கழுவிய பிள்ளை மாதிரி பளிச்சென்று வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தைக் கட்டி வைக்க ஒரு கோடவுன் பத்தாது.

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் ஆண்டு விழா. அன்றைக்கு வாசகர்கள் வந்து அந்த வருஷப் பாராயணத்துக்குப் புத்தகம் வாங்கிப் போவது வழக்கம். செயலாளர் அம்மா காசியிலிருந்து அன்று காலையில்தான் வந்து இறங்கினார். கண்ணாடி அலமாரியில் வரிசையாக மின்னிய தங்க எழுத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய், திறந்துகூடப் பார்க்காமல் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் பட்டுச் சட்டையில் போயிருந்தேன். மைக்கைப் பிடித்து, அசுத்தம் நீக்குவதும் இறைப்பணியே என்று பேசினேன். (கைதட்டினார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.)

முதல் புத்தகம் முத்துலட்சுமி அக்காவுக்கு. தாயில்பட்டிக்காரர், பட்டாசு ஆலையில் வேலை. கணவர் அதே ஆலையில் பேக்கிங் பார்த்தவர். மூன்று வருஷத்துக்கு முன் விபத்தில் போய்விட்டார். அக்கா ஒவ்வொரு வருஷமும் அதே ஒரு புத்தகத்தைத்தான் வாங்கிப் போவார் என்பது பதிவேட்டைப் பார்த்து எனக்குத் தெரியும். ஏன் என்று யோசிக்கவில்லை.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றினார். மேடை ஓரத்திலேயே நின்று ஒரு பக்கத்தைத் திறந்தார். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. வேகமாகப் புரட்டினார். பிறகு ஏதோ கீழே விழுந்துவிட்ட மாதிரி தரையைப் பார்த்தார்.

"தம்பி, இது எங்க புத்தகம் இல்லியே. பழசு எங்கன இருக்கு?"

"அதேதான்க்கா. ஓரத்துல கிறுக்கி வச்சிருந்தாக. அம்புட்டையும் வெட்டி எடுத்துட்டேன்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் கோபப்படவில்லை. நான் ஏதோ நல்ல காரியம்தான் செய்திருப்பேன் என்ற நம்பிக்கையோடு கேட்டார்.

"வெட்டுனதை எங்கன வச்சிருக்கீக?"

இன்றுவரை என்னிடம் யாரும் அதைவிடக் கடினமான கேள்வி கேட்டதில்லை. செயலாளர் அம்மா எழுந்து ஒரு புத்தகத்தைத் திறந்தார். மூடினார். இன்னொன்றைத் திறந்தார். கூட்டம் முழுவதும் அலமாரிப் பக்கம் எழுந்து வந்தது. என் அம்மா மட்டும் முதல் வரிசையிலிருந்து எழுந்து கடைசி வரிசைக்குப் போய், தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

"தைக்கத்தான சொன்னேன்," என்றார் செயலாளர் அம்மா. அவ்வளவுதான்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அக்காவின் கணவர் அந்தப் புத்தகத்தைப் படித்த நாட்களில் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். வேண்டுதல் எதுவும் இல்லை. இன்றைக்கு மழை, ஆலை லீவு, மூன்று பாட்டு படித்தேன், முத்துவும் கேட்டாள் என்கிற மாதிரி. அவர் கையெழுத்து என்று வீட்டில் வேறு எதுவும் இல்லை. செல்லில் போட்டோ எடுத்து வைக்கவில்லையா என்று யாரோ கேட்டார்கள். புத்தகம் இங்கேதானே பத்திரமாக இருக்கப்போகிறது என்று எடுக்கவில்லையாம்.

பொன்னாடையோடு பைக்கை எடுத்தேன். அச்சகக் கழிவு மூட்டைகள் திருத்தங்கல்லில் கழிவுக் காகித வியாபாரியிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அவர் பட்டுச் சட்டையையும் பொன்னாடையையும் பார்த்து ஏதோ தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை எடுத்துவிட்டார். பின்னால் ஆள் உயரக் குவியலைக் காட்டி, புதன்கிழமை மில்லுக்கு லோடு போகிறது, அதற்குள் எடுப்பதை எடுத்துக்கொள் என்றார்.

குவியல் பூராவும் காலண்டர் ஓரம். நடுநடுவே பழுப்புக் கீற்றுகள். அவைதான் என் புண்ணியம். திங்கட்கிழமை முத்துலட்சுமி அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் எழுத்தைத் தேடினேன். அவர் நிறத்தைத் தேடினார். பட்டாசுப் பெட்டியில் நம்பர் போடும் நீலப் பென்சிலால் எழுதியவர் அக்காவின் கணவர் ஒருவர்தான். நான் ஒன்று எடுப்பதற்குள் அவர் நாலு எடுத்தார். வழியில் மற்றவர்களுடைய கீற்றுகளும் கைக்கு வந்தன. கண் தெரிந்தது என்று ஒன்று. அப்பா போயிட்டார், ஆனாலும் படித்தேன் என்று ஒன்று. அன்றைக்குத்தான் நான் அந்த நூலகத்தின் புத்தகங்களைப் படித்தேன். அழுதுகொண்டேதான் படித்தேன். வெட்கமாக இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் வரை தேடியதில் நீல எழுத்தில் ஒன்றே ஒன்று மட்டும் அகப்படவில்லை. மற்றதையெல்லாம் பசை போட்டு ஒட்டினேன். வால் மட்டும் புத்தகத்தில் தங்கிப்போயிருந்த எழுத்துகள் கீற்றோடு மறுபடி சேர்ந்தன. அகப்படாத அந்த ஒன்றில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன், நானே எழுதித் தரலாம் என்ற யோசனையில். (புத்தி அப்போதும் திருந்தவில்லை.)

"அது எனக்குத் தெரியும். அவுக எழுதுனதை நீங்க எழுத வேணாம்," என்றார் அக்கா. "அங்கன நீங்க செஞ்சதை எழுதுங்க. பேரும் ஊரும் போட்டு."

வெள்ளைத் தாளில் ஒரு கீற்று வெட்டி அந்த இடத்தில் ஒட்டி, 'இங்கே இருந்ததை வெட்டியவன் நான்' என்று பென்சிலில் எழுதி, பெயரும் சிவகாசியும் போட்டேன். லோடு போவதற்குள் அள்ளி வந்த கீற்றுகளை மற்ற புத்தகங்களில் ஒட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. வீட்டு மாடி முழுக்கக் கீற்று உலர்ந்தது. மின்விசிறி போட யாருக்கும் அனுமதி இல்லை.

பிற்பாடு விருதுநகரில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா அந்த நூலகத்தின் வாசகர் என்று எனக்குத் தெரியாது. பஜ்ஜி தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சபை நடுவே, "அந்த ஓரத்தை வெட்டுனது நீங்கதானா மாப்ளே?" என்றார். ஆமாம் என்றேன். பேரும் ஊரும் போட்டுத் தப்பை எழுதிக் கொடுத்தவன் வேறு எதையும் மறைக்க மாட்டான் என்று பெண்ணைக் கொடுத்துவிட்டார். (அப்பா அவசரப்பட்டுவிட்டார் என்பது என் மனைவியின் தீர்ப்பு.) இன்றும் வீட்டில் நான் கத்தரிக்கோலைத் தொட்டால், எதை வெட்டப்போகிறேன், யாரைக் கேட்டேன் என்று பிள்ளைகள் உட்பட எல்லோரும் விசாரிக்கிறார்கள்.

இப்போது நான்தான் செயலாளர். முத்துலட்சுமி அக்கா புத்தகத்தைத் திருப்பும்போது அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். பென்சில் எழுத்து, வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. வெள்ளைக் கீற்றும் பழுப்பேறி மற்றக் கீற்றுகளோடு ஒன்றாகிவிட்டது. போன தடவை திறந்தால், என் வரி மேல் யாரோ மறுபடி எழுதித் தெளிவாக்கியிருந்தார்கள். வீட்டில் சொன்னபோது, ஊரே சேர்ந்து உங்களை மறக்கக்கூடாது என்று முடிவு பண்ணியிருக்கிறது என்று மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை அக்காவிடமே கேட்டேன், நீங்கள்தானா என்று.

"ஆமா தம்பி," என்றார். "அதுவும் அழிஞ்சு போச்சுன்னா, அவுக எழுதுன இடம் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"